ஜெபம் கற்றல்: மாமல்லபுரக் கடற்கரை வட்டாரத்தின் கிறிஸ்தவ மரபு

ஜெபம் கற்றல் என்பது கிறிஸ்தவர் ஒருவர் கடவுளிடம் பேசவும், பேசிய பின் காத்திருக்கவும், கேட்டது கிடைத்தாலும் கிடைக்காமல் போனாலும் அவரை விட்டு விலகாமல் இருக்கவும் பழகுகிற வாழ்நாள் பயிற்சி. கத்தோலிக்கர் இதைச் செபம் என்று எழுதுவார்கள். மன்றாட்டு, வேண்டுதல், விண்ணப்பம், ஸ்தோத்திரம் என்று வகைகளுக்குத் தனித்தனிப் பெயர்களும் உண்டு. செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்தையும் அதை ஒட்டிய ஊர்களையும் மையமாக வைத்து அந்தப் பயிற்சியை இக்கட்டுரை சொல்கிறது. வடக்கே கோவளம், நடுவே மாமல்லபுரம், தெற்கே சதுரங்கப்பட்டினமும் கல்பாக்கமும், உள்நாட்டில் பல்லாவரம், தாம்பரம், செங்கல்பட்டு ஆகியவை இதன் எல்லைகள். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இப்பகுதியில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினர். ஆனால் கத்தோலிக்க மீனவர்கள், ஸ்காட்லாந்து மிஷன் வழிவந்தவர்களும் சேர்ந்த தென்னிந்தியத் திருச்சபையார், பெந்தெகொஸ்தே சபையார், சகோதரர் ஐக்கியங்கள் என்று தமிழ்க் கிறிஸ்தவத்தின் முக்கியமான கிளைகள் பலவும் இங்கே அடுத்தடுத்த தெருக்களில் ஜெபித்துக்கொண்டிருக்கின்றன.

அசையாத விசுவாசம் இருந்தால்தான் ஜெபம் பலிக்கும், ஆகவே முதலில் விசுவாசத்தைத் தேடு, பிறகு ஜெபி என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். தமிழ்க் கடற்கரையில் ஜெபம் பரவிய வரலாறு பெரும்பாலும் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. ஜனங்கள் முதலில் சொல்லத் தொடங்கினார்கள். கூடிச் சொன்னார்கள், பிள்ளைகள் சொல்லக் கேட்டுச் சொன்னார்கள். சொல்லச் சொல்ல விசுவாசம் வேர்பிடித்தது. விசுவாசத்தையே ஜெபத்தில் கேட்டு வாங்கினார்கள் என்றும் சொல்லலாம்.

சீடர்கள் கேட்ட பாடம்

ஜெபம் கற்றுத் தரப்பட வேண்டியது என்ற எண்ணம் சுவிசேஷத்திலேயே இருக்கிறது. இயேசு ஓரிடத்தில் ஜெபித்து முடித்தபோது, யோவான் தன் சீடருக்குக் கற்பித்ததுபோல எங்களுக்கும் கற்றுத்தாரும் என்று சீடர் ஒருவர் கேட்டதாக லூக்கா 11-ஆம் அதிகாரம் கூறுகிறது. கேட்டவர்கள் யூதர்கள்; சிறுவயதிலிருந்து சங்கீதங்களைச் சொல்லி வளர்ந்தவர்கள். ஜெபம் தெரிந்தவர்களே அதைக் கேட்டார்கள் என்பது புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பெரிய ஆறுதல். இயேசு அவர்களுக்கு ஜெபத்தைப் பற்றிய விளக்கவுரை எதையும் முதலில் தரவில்லை. சொல்லவேண்டிய சொற்களையே கையில் கொடுத்தார். பரமண்டல ஜெபம், கர்த்தருடைய ஜெபம், கர்த்தர் கற்பித்த செபம் என்றெல்லாம் தமிழர் அழைப்பது அதைத்தான். மத்தேயு 6-இல் அது சற்று நீளமாகவும் லூக்காவில் சுருக்கமாகவும் இருக்கிறது. ஆதிச் சபையின் ஒழுங்குநூலான 'திதாக்கே', நாளுக்கு மூன்று முறை அதைச் சொல்லும்படி விசுவாசிகளைப் பணித்தது.

இந்தச் சிறிய ஜெபத்தின் அடுக்கை நிதானமாகப் பார்த்தால் ஒரு பயிற்சித் திட்டமே தெரியும். முதல் பாதி முழுவதும் கடவுளின் பெயர், ஆட்சி, சித்தம் ஆகியவற்றைப் பற்றியது. அதன் பிறகுதான் அன்றன்றைய அப்பம், மன்னிப்பு, சோதனையிலிருந்து காப்பு. இதில் 'எனக்கு' என்ற சொல்லே கிடையாது, எங்கும் 'எங்கள்'தான். தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்பவரும் ஊரோடு சேர்ந்தே சொல்கிறார். அப்பம் கேட்கும் இடத்தில் மாதத்துக்கோ வருஷத்துக்கோ கேட்பதில்லை, இன்றைக்கு மட்டும் கேட்கிறது. மன்னிப்புக்கோ ஒரு நிபந்தனை உண்டு. நாம் மற்றவரை மன்னிப்பதோடு அது கட்டப்பட்டிருக்கிறது, மத்தேயு அதை ஜெபம் முடிந்த கையோடு மறுபடியும் வலியுறுத்துகிறார். பங்காளிச் சண்டையை வருஷக்கணக்கில் மனதில் வைத்துக்கொண்டு, என் ஜெபம் ஏன் கேட்கப்படவில்லை என்று கலங்குபவருக்கு அனுபவமுள்ள போதகர் முதலில் காட்டுவது இந்த வரியைத்தான்.

அதே அதிகாரம் காட்சிக்காக ஜெபிப்பதைக் கடுமையாக எச்சரிக்கிறது. மாமல்லபுரத்தில் இதைக் கல்லிலேயே பார்க்கலாம். அர்ஜுனன் தபசு என்றும் பகீரதன் தபசு என்றும் இருவிதமாக விளக்கப்படும் 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவப் புடைப்புச் சிற்பத்தில், விலா எலும்பு தெரிய ஒற்றைக் காலில் நின்று கைகளைத் தூக்கிய தபசி மேலே இருக்கிறார். கீழே, யானைகளின் அருகில், அதே கோலத்தில் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் பூனை ஒன்று. அதன் முன்னால் எலிகள் பயமில்லாமல் கூடியிருக்கின்றன. பக்தியின் தோற்றத்தைப் போர்த்துக்கொண்டு பிறரை ஏய்ப்பதைக் குறித்த இந்த எச்சரிக்கை கிறிஸ்தவம் இக்கரைக்குக் கொண்டுவந்த புதுச் செய்தி இல்லை. ஊரே முன்பிருந்து அறிந்தது. வேறுபாடு இன்னொரு இடத்தில் இருக்கிறது. தவத்தின் வலிமைக்கு வரம் கிடைக்கும் என்பது புராணக் கதைகளின் நியதி. கிறிஸ்தவப் போதனையில் ஜெபமோ உபவாசமோ வரத்துக்குக் கொடுக்கும் விலையாக எண்ணப்படுவதில்லை. பிள்ளை தகப்பனிடம் கேட்கும் உரிமையே அதன் அடிப்படை. நாற்பது நாள் உபவாசம் இருந்தால் கடவுள் இணங்கியே தீருவார் என்று பேசும் பிரசங்கிகள் இந்த அடிப்படையை மறந்துவிடுகிறார்கள்.

கைமணியும் வாய்ப்பாடமும்

தமிழில் கிறிஸ்தவ ஜெபத்தை ஊர் ஊராகக் கற்பித்தவர்களில் விரிவான பதிவு விட்டுச்சென்ற முதல்வர் பிரான்சிஸ் சவேரியார். 1542 மே மாதம் கோவாவில் இறங்கிய அவர், அவ்வருஷக் கடைசியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கே வாழ்ந்த பரதவ மீனவர் ஞானஸ்நானம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன, கற்பிக்க ஆளில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துகீசியமும் அறிந்த சிலரை உட்காரவைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம் (அதே கர்த்தருடைய ஜெபம்), மரியாளை நோக்கிய மங்கள வார்த்தை செபம் ஆகியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டினார். நாளுக்கு இருமுறை வகுப்பு. பிள்ளைகள் கற்றதை வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லித்தர வேண்டும் என்பது அவர் வைத்த ஏற்பாடு.

1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமுக்கு அவர் எழுதிய கடிதத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எப்படி நடந்தது என்பது வருகிறது. இக்கட்டுரைக்கு அதுவே மிக முக்கியமான சான்று. விசுவாசப் பிரமாணத்தை ஒவ்வொரு கூற்றாக அவர் சொல்ல, கூட்டம் திரும்பச் சொல்லும். இதை விசுவாசிக்கிறீர்களா என்று கேட்பார். எல்லோரும் மார்பின் மீது கைகளைச் சிலுவையாக வைத்து, விசுவாசிக்கிறோம் என்பார்கள். அத்தோடு விடமாட்டார். இந்தக் கூற்றைச் சந்தேகமின்றி உறுதியாக விசுவாசிக்கும் வரத்தைத் தரவேண்டும் என்று கேட்டு எல்லோருமாக ஒரு பரலோக மந்திரம் சொல்வார்கள். அதையே பெற்றுத்தரும்படி மரியாளை வேண்டி ஒரு மங்கள வார்த்தை செபம். பிறகு அடுத்த கூற்று. இப்படிப் பன்னிரண்டு கூற்றுக்கும்.

விசுவாசிக்கிறோம் என்று சொன்ன அடுத்த மூச்சில் விசுவாசத்துக்காகக் கேட்பது முரண்பாடாகத் தோன்றலாம். மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் வலிப்பு நோயுள்ள மகனின் தகப்பன் கண்ணீரோடு செய்ததும் இதுவே. நம்புவதாகச் சொல்கிறான், அதே வாயால் தன் நம்பிக்கையின்மைக்கு உதவி கேட்கிறான். அந்த அரைகுறை விசுவாசத்தின் மேல்தான் இயேசு பிள்ளையைச் சுகமாக்கினார். நூறு சதம் உறுதி வந்த பிறகே முழங்கால்படியிடுவேன் என்று காத்திருப்பவர் தன் வாழ்நாளில் முழங்கால்படியிட மாட்டார்.

சவேரியார் 1545-இல் மயிலாப்பூருக்கு வந்து, தோமா கல்லறை என்று போற்றப்படும் இடத்தில் ஏறக்குறைய நான்கு மாதம் தங்கி ஜெபித்தார். அங்கிருந்து கடலோரமாகத் தெற்கே முப்பது கிலோமீட்டர் அளவில் கோவளம். பரங்கிமலையில் உயிர்நீத்தார் என்று மரபு சொல்லும் தோமா, காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று சொன்ன அதே அப்போஸ்தலர். யோவான் 20-ஐக் கூர்ந்து படித்தால், சந்தேகப்பட்ட அந்த எட்டு நாளும் அவர் மற்றச் சீடர்களைப் பிரிந்து போய்விடவில்லை. அடுத்த முறை கதவு பூட்டிய வீட்டில் அவர்களோடு இருந்தார். சந்தேகம் வந்தபோது கூட்டத்தை விட்டு எழுந்து போகாதிருப்பதும் ஜெபப் பயிற்சியின் ஒரு பாடம். இக்கரைக் கிறிஸ்தவர்கள் தங்கள் அப்போஸ்தலரிடமிருந்து அதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

வாய்ப்பாடம் சீக்கிரமே அச்சேறியது. 1554-இல் லிஸ்பனில் போர்த்துகீசியத்தோடு தமிழையும் ரோமன் எழுத்தில் அச்சிட்ட சிறு ஜெபநூல் ஒன்று வெளிவந்தது. 1578 அக்டோபரில் கொல்லத்தில் ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சானது. பதினாறு பக்கம். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்நாட்டில் அச்சான முதல் நூலாக அதைச் சொல்வார்கள். அது ஜெபமும் போதனையும் கற்பிக்கும் நூல் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. சீர்திருத்தச் சபை மரபு 1706 ஜூலையில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கோடு தொடங்கியது. அவருக்குப் பின் சென்னையில் நெடுங்காலம் ஊழியம் செய்த பப்ரிசியுஸ் (1711–1791) தமிழாக்கிய ஜெர்மானியப் பாமாலைகள் தமிழ் லூத்தரன் வீடுகளில் ஜெபமாகவே பாடப்பட்டு வந்தன.

கோவளத்துச் செபமாலை

கோவளம் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஆஸ்டெண்ட் கம்பெனியின் வணிக இடமாக இருந்து, பிறகு ஆற்காட்டு நவாபின் கோட்டையாகி, 1752-இல் ஆங்கிலேயத் தளபதி கிளைவின் கையில் வீழ்ந்த ஊர். கோட்டை போய்விட்டது. 1808-இல் கட்டப்பட்ட கார்மேல் அன்னை ஆலயம் இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. சென்னையில் பெரும் செல்வராக இருந்த போர்த்துகீசிய வழி வணிகர் ஜான் டி மான்டி 1821-இல் இறந்தபின் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். அதே ஊரில் தமீம் அன்சாரி தர்காவும் கோயில்களும் உண்டு. மூன்று மதத்தாரும் ஒரே கடலை நம்பி வாழ்கிறவர்கள். 2002-இல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து இவ்வூரை உள்ளடக்கிய செங்கல்பட்டு மறைமாவட்டம் பிரிந்தது.

மீனவர் வீடுகளில் ஜெபம் கற்கப்படும் முறைக்குப் பெயர் ஐம்பத்து மூன்று மணி செபம், அதாவது செபமாலை. மாலையில் விளக்குப் போட்டதும் மாதா படத்தின் முன் பாயை விரித்து வீட்டார் உட்காருவார்கள். ஒருவர் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வார்கள். அன்று எந்தக் கிழமையோ அதற்குரிய மறைபொருளை (மகிழ்ச்சி, ஒளி, துயர், மகிமை என்று நான்கு வகை, ஒளியின் மறைபொருள்களைச் சேர்த்தவர் இரண்டாம் ஜான் பால், 2002-இல்) பாட்டியோ அம்மாவோ அறிவிப்பார். மணியை நகர்த்தும் விரல் வேலையைப் பிள்ளை மூன்று நான்கு வயதிலேயே பிடித்துக்கொள்ளும். பொருள் தெரியாது, பின்பாதியின் கடைசிச் சொற்களை மட்டும் உரக்கச் சொல்லும். 'ஆமென்' எல்லோருக்கும் முன்னால் வந்துவிடும். பத்து வயதுக்குள் ஒரு நாள் பாட்டி, இன்றைக்கு இரண்டாம் பத்து நீ சொல்லு என்பார். ஜெபத்தை முன்நின்று நடத்தும் முதல் அனுபவம் அது. குரல் தழுதழுத்தாலும் எண்ணிக்கை தவறினாலும் வீட்டார் பின்பாதியால் தாங்கிக்கொள்வார்கள். இதைவிட மென்மையான ஆசிரியப் பயிற்சியை நான் அறியேன்.

திரும்பத் திரும்பச் சொல்வது வெறும் உதட்டு வேலை என்ற குறை நெடுநாளாக உண்டு. வீண்வார்த்தைகளை அலப்புவதை இயேசு கண்டித்தார் என்பதும் உண்மை. இதற்குப் பழைய பதில் ஒன்று கார்மேல் சபைத் துறவியான அவிலா தெரேசாவிடம் (1515–1582) இருக்கிறது. தம் மடத்துச் சகோதரிகளுக்காக எழுதிய 'நிறைவின் வழி' என்ற நூலின் பின்பகுதியை அவர் பரலோக மந்திரத்தின் விளக்கமாகவே அமைத்தார். யாரிடம் பேசுகிறோம் என்ற கவனத்தோடு அந்த ஒரே ஜெபத்தைச் சொல்லி முடிப்பவர் ஆழ்ந்த தியானத்துக்கும் போய்ச் சேரலாம் என்பது அவர் துணிபு. திரும்பச் சொல்வதில் குற்றமில்லை. சொல்லும்போது ஆள் அங்கே இல்லாமல் போவதுதான் குற்றம்.

சீர்திருத்தச் சபையிலும் இதே கவலை இருந்தது. விட்டன்பர்க்கில் தம் நாவிதரான பேதுரு, எப்படி ஜெபிப்பது என்று கேட்டதற்கு மார்ட்டின் லூத்தர் 1535-இல் ஒரு சிறுநூலே எழுதிக் கொடுத்தார். கர்த்தருடைய ஜெபத்தை வரிவரியாக எடுத்து ஜெபிக்கவும், கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் கூற்றுக் கூற்றாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் என்ன கற்கிறேன், எதற்கு நன்றி சொல்கிறேன், எதை அறிக்கையிடுகிறேன், எதைக் கேட்கிறேன் என்று நான்கு இழையாகப் பின்னவும் சொன்னார். சவரம் செய்பவன் பேச்சில் கவனத்தைத் தொலைத்தால் கத்தி மூக்கையோ கழுத்தையோ பதம் பார்த்துவிடும், ஜெபத்திலும் கவனம் அப்படி வேண்டும் என்றார். ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு ஆகியும், மனம் அலைபாய்கிறது என்று வருந்துபவருக்கு இந்த நான்கிழை முறையைவிடப் பயனுள்ளது கிடையாது. ஒரு வரியில் மனம் நின்றுவிட்டால் மிச்ச வரிகளை விட்டுவிடலாம் என்றும் அவர் அனுமதி தருகிறார்.

பல்லாவரம் மலை

இரவு முழுவதும் காத்திருந்து ஜெபிக்கும் வழக்கத்தோடு இந்த வட்டாரத்தில் இணைத்துப் பேசப்படும் பெயர் பக்த் சிங். பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் 1903-இல் பிறந்து, கனடாவில் பொறியியல் படிக்கும்போது கிறிஸ்துவை ஏற்று, 1933-இல் இந்தியா திரும்பியவர். 1941-இல் சென்னையில் புதிய சபை ஒன்றைத் தொடங்குவதா என்ற கேள்வி வந்தபோது, அவரும் உடன் ஊழியர் சிலரும் பல்லாவரத்து மலைமேல் ஏறி இரவெல்லாம் ஜெபத்தில் தரித்திருந்தார்கள். அதன் பிறகே 'யேகோவா ஷம்மா' என்ற சபை கூடத் தொடங்கியது. பணம் கேட்டு அறிக்கை விடுவதில்லை, ஊழியத்துக்கு வேண்டியதை ஜெபத்திலேயே கேட்பது என்ற ஒழுங்கை அவர் கடைப்பிடித்தார். 2000 செப்டம்பரில் ஹைதராபாதில் காலமானார்.

சென்னையைச் சுற்றிய சபைகளில் இன்று 'முழு இரவு ஜெபம்', 'உபவாச ஜெபம்', 'காத்திருப்புக் கூட்டம்' என்று சுவரொட்டிகள் ஒட்டப்படுவதைக் காணலாம். அவற்றுள் சில சத்தத்தால் நிரம்பியவை. பல்லாவரத்து முன்மாதிரியில் கவனிக்க வேண்டியது இரவின் நீளத்தையோ குரலின் உயரத்தையோ விட, அவர்கள் கேட்ட கேள்வி. எங்கள் திட்டத்தை ஆசீர்வதியும் என்று கேட்கும் முன், உமது திட்டம் என்ன என்று கேட்டார்கள். பரமண்டல ஜெபத்தின் முதல் பாதிக்கு அவ்வளவு நேரம் கொடுத்தார்கள்.

இதே வட்டாரத்தில் தாம்பரத்தையும் சொல்ல வேண்டும். 1837-இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு இடம் மாறியது. மறுவருஷம் டிசம்பரில் சர்வதேச மிஷனரி மாநாடு அங்கே கூடியது. உலகின் பல பாகத்திலிருந்து வந்தவர்கள், போர் மேகம் சூழ்ந்த அந்த நாட்களில், தமிழ்நாட்டு மண்ணில் சேர்ந்து ஜெபித்தார்கள். சேர்ந்து ஜெபித்ததன் இன்னொரு பலனையும் சொல்லலாம்: 1959-இல் தமிழ்நாட்டு இளைஞர்களின் ஜெபக்குழுக்களாகத் தொடங்கிய நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு பின்னாளில் வட இந்தியாவுக்கு ஊழியர்களை அனுப்பும் பெரிய அமைப்பாக வளர்ந்தது. பிறருக்காகக் கேட்கத் தொடங்கியவர்கள் பிறரிடம் போகவும் நேர்ந்தது.

குடும்ப ஜெபம்

செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்துச் சீர்திருத்தச் சபை வீடுகளில் செபமாலையின் இடத்தில் குடும்ப ஜெபம் இருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ ஒரு பாமாலை அல்லது கீர்த்தனை, வேதத்தில் ஒரு அதிகாரம், பிறகு வயதின்படி ஜெபம். பிள்ளை 'இயேசப்பா' என்று தொடங்கும். அப்பா, அம்மா, ஆயா, நாய்க்குட்டி, நாளைக்குக் கணக்குப் பரீட்சை என்று வரிசையாகச் சொல்லி ஆமென் போட்டுவிடும். பெரியவர்கள் 'ஜெபம் கேளும் பிதாவே' என்று முடிப்பார்கள். கடைசியில் எல்லோருமாகப் பரமண்டல ஜெபம். வருகிற விருந்தாளியையும், ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டுப் போங்க என்று உட்காரவைத்துவிடுவார்கள்.

சொந்த வார்த்தையில் ஜெபிப்பது இந்த மரபின் பெருமை. அதற்கும் ஒரு பள்ளம் உண்டு. சில ஆண்டுகளில் சொந்த வார்த்தையும் வாய்ப்பாடமாகிவிடும். ஒரே அடைமொழிகள், ஒரே வரிசை, ஒரே ராகம். அப்போது சங்கீதங்களுக்குத் திரும்புவது பழைய மருந்து. நூற்றைம்பது சங்கீதத்தில் துதி மட்டுமில்லாமல் புலம்பல், கோபம், முறையீடு, பயம், பழிவாங்கும் ஆசைகூட உண்டு. நாளுக்கு ஒன்றாக வாய்விட்டுப் படித்து, அதன் உணர்ச்சியிலிருந்து தன் ஜெபத்தைத் தொடங்குபவருக்குச் சொற்கள் வற்றுவதில்லை. புதிதாகக் கற்பவருக்கு நேரமும் இடமும் மாறாமல் இருப்பது அதிகம் உதவும். நீளம் முக்கியமில்லை. காலை ஐந்து மணிக்கு ஒரு மணிநேரம் என்று சபதம் எடுத்து மூன்றாம் நாள் விடுவதைவிட, வேலைக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடம் என்று வருஷக்கணக்கில் இருப்பவரே நிலைத்து நிற்கிறார். ஜெபக் குறிப்பேடு ஒன்றில் யாருக்காகக் கேட்கிறோம் என்று பெயரும் தேதியும் எழுதிவைப்பதும் பழைய வழக்கம். என் வேண்டுதல் எவ்வளவு என்னையே சுற்றி வருகிறது என்பதை அந்தப் பக்கங்கள் ஒளிக்காமல் காட்டிவிடும்.

கிடைக்காத வரங்கள்

பயனுள்ள ஜெபம் எது என்ற கேள்விக்குப் புதிய ஏற்பாடு பல பக்கத்திலிருந்து விடை தருகிறது. நள்ளிரவில் நண்பன் வீட்டுக் கதவைத் தட்டி மூன்று அப்பம் கேட்டவனும், நியாயாதிபதியை விடாமல் நச்சரித்த விதவையும் விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டுகள். தன் இச்சைக்காகத் தகாதவிதமாகக் கேட்பது கிடைக்காது என்கிறார் யாக்கோபு. மழைக்காக ஜெபித்த எலியா நம்மைப்போலப் பாடுள்ள மனுஷன்தான் என்றும் அவரே நினைவூட்டுகிறார். கடவுளின் சித்தத்துக்கு ஏற்றதைக் கேட்டால் கேட்பார் என்பது முதலாம் யோவானின் வாக்கு.

இவற்றோடு சேர்த்து வாசிக்க வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு. கெத்செமனேயில் இயேசு மூன்று முறை பாத்திரம் நீங்கக் கேட்டார், நீங்கவில்லை. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க மூன்று முறை வேண்டினார். முள் இருந்தது, கிருபை போதும் என்ற பதில் வந்தது. இவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல யாருக்கும் துணிவிராது. அப்படியிருக்க, சாதாரண விசுவாசி ஒருவரின் பிள்ளை பிழைக்காமல் போனால், உங்களுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்லும் ஊழியர்கள் இருக்கிறார்கள். அது கொடுமை. துக்கத்தில் இருப்பவர் தலையில் குற்றத்தையும் ஏற்றிவைப்பதற்கு வேதத்தில் ஆதாரம் இல்லை. யோபுவின் நண்பர்கள் அதைத்தான் செய்தார்கள், கடவுள் அவர்களைக் கண்டித்தார்.

இந்தக் கடற்கரைக்கு அந்தச் சோதனை 2004 டிசம்பர் 26 காலையில் வந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கி, நீருக்கடியில் இருந்த பாறைகளும் கட்டுமானங்களும் வெளியே தெரிந்ததைக் கரையிலிருந்தவர்கள் பார்த்தார்கள். அடுத்து அலை வந்தது. கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை குப்பங்கள் அடிபட்டன. கல்பாக்கத்தில் அணுசக்தி ஊழியர் குடியிருப்புக்குள்ளும் நீர் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. தெற்கே வேளாங்கண்ணியில் மாதாவைத் தரிசிக்க வந்திருந்த யாத்திரிகர்கள் ஏராளமாக மாண்டார்கள். தமிழ்நாடு முழுவதும் இறந்தவர்கள் ஏறக்குறைய 8,000 பேர். முந்தைய நாள்தான் ஆலயத்தில் நன்றி சொல்லியிருந்தவர்கள் அவர்களில் பலர்.

ஏன் என்ற கேள்விக்கு ஆயத்த விடை வைத்திருந்தவர்கள் அன்று பேசாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த நாட்களுக்கு ஏற்ற ஜெபம் வேதத்தில் இருந்தது, பெரும்பாலான சபைகள் அதை அதிகம் பயன்படுத்துவதில்லை. 88-ஆம் சங்கீதம் ஆழத்தையும் அலைகளையும் சொல்லி, பதில் எதுவும் பெறாமல், இருளிலேயே முடிகிறது. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும், இது திரும்புவதில்லை. அப்படிப்பட்ட ஒன்றை ஜெபப் புத்தகத்திலிருந்து யாரும் நீக்கிவிடவில்லை என்பதே ஒரு போதனை. கடவுளிடம் முறையிடுகிறவர் அவரை இன்னும் விடவில்லை. வாய் திறக்க முடியாதவருக்காக ஆவியானவரே பெருமூச்சுகளோடு வேண்டுகிறார் என்று ரோமர் 8 சொல்வதும் இதே நிலைக்குத்தான்.

வியாதிக்காரருக்காக

தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஜெபம் கேட்டு வருவது பெரும்பாலும் நோய்க்காக. மூப்பர்களை வரவழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது யாக்கோபு 5. கத்தோலிக்கரிடம் அது நோயில்பூசுதல் என்ற அருள்சாதனம். தமிழ்நாட்டில் மிஷன்கள் போன ஊர்கள் பலவற்றில் ஆலயத்தோடு மருத்துவமனையும் எழுந்தது. ஸ்காட்லாந்து மிஷனரிகளுக்கு மருந்தும் ஜெபமும் ஒன்றுக்கொன்று எதிரியாகத் தோன்றவில்லை. ஆனால் ஜெபித்தாயிற்று, இனி இன்சுலின் வேண்டாம், காசநோய் மாத்திரை வேண்டாம் என்று நிறுத்துவது விசுவாசத்தின் அடையாளமாகச் சில இடங்களில் போற்றப்படுகிறது. அதனால் உயிர்கள் போகும். மாத்திரையை விழுங்கும் முன் ஒரு நிமிடம் தலைகுனிந்து, மருத்துவருக்கும் செவிலியருக்கும் சேர்த்து ஜெபிப்பதே மரபின் நடுவழி. ஜெபத்துக்குக் கட்டணம் கேட்கிற எந்த இடத்தையும் விட்டுத் திரும்பி நடக்கலாம். காணிக்கை தருபவரின் மனதைப் பொறுத்தது, ஜெபத்துக்கு விலைப்பட்டியல் கிடையாது.

நோயாளியின் கட்டிலருகே ஜெபிக்கப் பழகுபவர்களுக்குப் போதகர்கள் சொல்லித்தரும் முறை எளியது. முதலில் பேர் கேட்க வேண்டும், எங்கே வலிக்கிறது, எதற்காகப் பயப்படுகிறார் என்று கேட்டுவிட்டு அதையே ஜெபத்தில் சொல்ல வேண்டும். குரலைத் தாழ்த்த வேண்டும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் வேறு மதத்தவராக இருக்கலாம், தூங்கிக்கொண்டிருக்கலாம். நோயாளி ஒப்புக்கொண்டால் மட்டும் அவர் கையைப் பிடிக்கலாம். இரண்டு நிமிடம் போதும். பரமண்டல ஜெபத்தைச் சேர்த்துச் சொல்லும்போது நோயாளியின் உதடு அசைகிறதா என்று பார்த்து, அவர் வேகத்துக்கு இறங்கிச் சொல்ல வேண்டும். நினைவு தப்பிய முதியவர்கள்கூட, வேறு எதற்கும் அசையாதவர்கள், சிறுவயதில் கற்ற அந்தச் சொற்களுக்கு வாயசைப்பதுண்டு.